இருநூற்றுப் பன்னிரண்டும் ஒன்றும்

சங்குமுனைத் தீவில் மூஞ்சூறுக்கு வரவேற்புப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைமரம் கட்டியாயிற்று, சீரியல் பல்பு தொங்கவிட்டாயிற்று, படகுத்துறையிலிருந்து மேடை வரைக்கும் சிவப்புக் கம்பளமும் விரித்தாயிற்று. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பிராணிக்கு எதற்குக் கம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. மந்திரி வந்தபோதுகூட அங்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்ததில்லை. பூண்டோடு அழிந்துவிட்டுத் திரும்பி வருகிற பெருமை மந்திரிக்கு ஏது?

“உங்க பிள்ளையார் பாவம், இத்தனை வருஷமா நடந்தே போனாரா டாக்டரம்மா?” என்று கேட்டார் சூசைமாணிக்கம். தீவின் பாக்குத் தோப்புகளில் பாதியாவது அவர் கைபட்டு வளர்ந்தவை. மூஞ்சூறைத் திருப்பிக் கொண்டுவரும் நிறுவனம் வந்தபிறகு அவர்தான் உள்ளூர் மேஸ்திரி.

“அவருக்கு வேற மூஞ்சூறு இருக்கு அண்ணே. இது இந்தத் தீவுல மட்டும் இருந்த ஜாதி” என்றாள் செண்பகவல்லி. சிரிக்கவும் செய்தாள். அன்று காலை எட்டு மணி வரைக்கும் அவளால் சிரிக்க முடிந்தது.

செண்பகவல்லி மறைவுச் சான்று அலுவலர். ஓர் உயிரினம் உலகத்தில் இனி ஒன்றுகூட மிச்சமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. முன்பெல்லாம் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் துக்கம். மீள்கருவகம் வந்த பிறகு அது நல்ல சேதியாகிவிட்டது. அருங்காட்சியகத்தில் கிடக்கும் ஒரு பழைய தோல், நாலு மயிர், அது போதும். மரபுச் சரடை எழுத்து விடாமல் படித்து, கருவாக்கி, செயற்கைக் கருப்பையில் வளர்த்து, கண் விழித்த பிராணியாக வெளியே அனுப்பிவிடும். ஜனங்கள் அதை ‘அச்சு’ என்றார்கள். கல்யாண வீடுகளில் எப்போதோ அற்றுப்போன புறாக்களைப் பறக்கவிட்டார்கள். காடு எரிந்தால் யாரும் பதறுவதில்லை. “போனா போகுது, அச்செடுத்துக்கலாம்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அசலைக் காப்பாற்ற ஆகிற செலவைவிட அச்சு மலிவு என்று தெரிந்ததும் அரசாங்கங்களே அசல்களைக் கைவிட்டன. அதன்பிறகுதான் உலக நாடுகள் கூடி ஒரு கெடுபிடியான சட்டம் போட்டன. ஓர் இனத்தின் அசல் ஒன்றே ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அதன் அச்சு மண்ணில் கால் வைக்கக் கூடாது, குட்டி போடக் கூடாது, அசலோடு கலக்கக் கூடாது. அசல் முழுவதும் தீர்ந்துபோனது என்று சான்று வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட நாடு முழுவதும் பதினான்கு பேர். அவர்களில் செண்பகவல்லி ரொம்பக் கறார் என்று பெயர் வாங்கியவள்.

அந்தப் பெயரை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே தீவில் சங்குமுனை மூஞ்சூறைத் தேடிப் பத்து நாள் கணக்கெடுப்பு நடந்தது. அதற்கு முந்தைய நாற்பது வருஷமாக யார் கண்ணிலும் அது படவில்லை. ஓடைக்கரையெங்கும் குழி தோண்டி அறுபது பிளாஸ்டிக் வாளிகளை விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்தார்கள். ஓடி வருகிற மூஞ்சூறு உள்ளே விழும், ஏற முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா வாளியையும் பார்த்தாக வேண்டும். மூஞ்சூறின் உடம்பு அப்படி. நாலு மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். தேட வந்தவர்களே கொன்றுவிடக் கூடாது அல்லவா?

ஐந்தாம் நாள் ராத்திரி மழை பிடித்தது. அவளுக்குக் காய்ச்சல் வேறு. வாளிகளில் தண்ணீர் நின்று, விழுகிறது மூழ்கிச் செத்துவிடுமே என்று சூசைமாணிக்கமும் அவளும் அறுபது வாளிக்கும் மூடி போட்டார்கள். மழை ஐந்து நாள் விடவில்லை. பதினோராம் நாள் கப்பல் வந்துவிட்டது. அறிக்கையில் அவள் பத்து நாளும் வாளிகள் திறந்திருந்ததாக எழுதினாள். திறந்த வாளியிலும் பூஜ்யம், மூடிய வாளியிலும் பூஜ்யம். பூஜ்யத்தில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? நாற்பது வருஷமாக இல்லாதது அந்த ஐந்து நாளில் வந்து விழுந்திருக்கப் போகிறதா? இப்படியெல்லாம் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு ஒன்பது வருஷத்தில் அவள் அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வீட்டில் வாளியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு ஞாபகம் இருந்தது.

இன்று காலை எட்டு மணிக்கு அவள் முகரி அறைக்குப் போனாள். முகரி என்பது காற்றை இழுத்து, அதில் மிதக்கிற தோல்துணுக்கு, மயிர்த்தூள் எல்லாவற்றையும் படித்து, அந்தப் பக்கம் எந்தெந்த உயிர் நடமாடியது என்று சொல்லும் பொறி. தீவில் முப்பது முகரிகள் கணக்கெடுப்பு நடந்த நாளிலிருந்து மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன; முதல் வருஷம் காற்றைச் சேமித்ததோடு சரி, படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்னும் மூன்று நாளில் அச்சு மூஞ்சூறுகள் இருநூற்றுப் பன்னிரண்டும் தீவில் இறங்கப் போகின்றன. அவற்றைப் பின்தொடர வேண்டுமானால் முகரிகளின் பட்டியலில் சங்குமுனை மூஞ்சூறின் பெயரை மறுபடி சேர்க்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவள் சான்று பதிவானதுமே அந்தப் பெயர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிட்டது. இல்லாததைத் தேடி எந்தப் பொறியும் மின்சாரத்தை வீணாக்காது.

பெயரைச் சேர்த்தாள். பொறி ரொம்பக் கடமையுணர்ச்சியுள்ள பொறி. புதிய பெயர் வந்ததும் சேமித்து வைத்திருந்த பழைய காற்றுப் பதிவுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தது.

திரையில் தீவின் படம். அதில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு ஏழெட்டு. பிறகு, அம்மாடி, ஓடை நெடுக நாற்பது!

துறையில் பெட்டிக்குள் இருக்கிற அச்சுகளின் வாடை பரவியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அவை தீவுக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகிறது. புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருந்த தேதிகளோ ஒன்பது வருஷத்துக்கு முந்தியவை. அவள் மூடி போட்டிருந்த அந்த ஐந்து மழை நாட்களில், வாளிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், பதினோரு மூஞ்சூறுகள் ஓடிக்கொண்டிருந்தன.

செண்பகவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வருஷங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாற்பது ஐம்பதாயிற்று, ஐம்பது அறுபத்தெட்டாயிற்று. நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. அவள் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு அவை பெருகியே இருந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு முன்பு புள்ளிகள் சடசடவென்று அணைந்தன.

ஏன் அணைந்தன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் தீவின் எலிகளை ஒழிக்க நிறுவனம் முதல் சுற்று விஷம் போட்டது. திரும்பி வருகிற மூஞ்சூறின் குட்டிகளை எலி தின்றுவிடக் கூடாதாம். விஷக்கட்டியைக் கரப்பான் தின்னும், வண்டு தின்னும். வண்டைத் தின்பது மூஞ்சூறு. மூஞ்சூறை வரவேற்பதற்காக மூஞ்சூறைக் கொன்றிருக்கிறார்கள். விஷம் போட அனுமதித்த தாளில், ‘பாதிக்கப்படக்கூடிய பூச்சியுண்ணிப் பாலூட்டி ஏதும் இத்தீவில் இல்லை’ என்ற வரிக்குக் கீழே இருப்பது அவள் கையெழுத்து.

இன்றைய தேதிக்குத் தள்ளினாள். இரண்டு புள்ளிகள். தென்கோடியில், பாழோடை என்கிற பள்ளத்தில். பொறி விவரம் கொடுத்தது: ஆண் ஒன்று, பெண் ஒன்று.

இரண்டாவது சுற்று விஷம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, அச்சுகள் இறங்காத தென்பாதியில்.

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். எட்டரை மணி அப்போது. ஓடி, கத்தி, தூவுபொறிகளை நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் செய்தது என்ன? திரையை அணைத்தாள். முகம் கழுவினாள். வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

துறைப்பக்கம் சூசைமாணிக்கம் தூவுபொறிகளில் பச்சைக் கட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பறந்துபோய்ச் சல்லடை மாதிரி விஷம் தூவும் ஆறு பொறிகள்.

“அண்ணே, பாழோடைப் பக்கம் மட்டும் விட்டுட்டா என்ன?” என்றாள்.

“ஏம்மா?”

“சும்மாதான். அங்க எலி அவ்வளவா இல்லையே.”

“எதை விடணும் எதை விடக் கூடாதுன்னு மேப்பைப் பார்த்து மிசினுக்குத்தான் தெரியும். எனக்கு ரொப்பத்தான் தெரியும். வித்யாசாகர் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்.” அவர் கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “எம்மக ஃபிலோவுக்கு மூஞ்சூறுக் காவல் வேலை வந்திருச்சும்மா. தீவுல முப்பத்தொரு பேருக்கு வந்திருக்கு. நீங்க அன்னைக்குப் போட்ட கையெழுத்துதான். மாதா பேரைச் சொல்லித் தினம் உங்களுக்காகக் கும்பிடுதோம்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

நிறுவனத்தின் தீவுப் பொறுப்பாளர் வித்யாசாகர் மேடைப் பக்கம் நின்றார். ஒன்பதரைக்கு அவரிடம் போனாள். நாற்காலி எத்தனை வரிசை என்று கேட்டுவிட்டு வந்தாள். பத்தரைக்குப் போனாள். வெயில் அதிகமாக இருக்கிறது, பெட்டிகளை நிழலில் வையுங்கள் என்றாள். “வச்சாச்சு மேடம், ஏசி போட்டிருக்கோம்” என்றார் அவர். பதினொன்றே காலுக்குப் போனபோது அவர் போனில் இருந்தார். அவள் காத்திருந்தாள். அவர் பேசி முடிக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே காத்திருந்தாள். பேசி முடித்து அவர் திரும்பிப் பார்த்ததும் “ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்” என்று நகர்ந்துவிட்டாள்.

என்ன கணக்குப் போட்டாள் அவள்? இருபத்தாறு வருஷ சர்வீஸ். கறாரானவள் என்ற பெயர். ஃபிலோமினாவின் வேலை. இரண்டே இரண்டு மூஞ்சூறு, அதுவும் பிழைக்குமோ பிழைக்காதோ. மூன்று மணி நேரத்துக்கு இப்படி எதையாவது நினைத்துக்கொண்டே இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குத் தூவுபொறிகள் எழும்பின. அவை தலைக்கு மேலே தெற்கு நோக்கிப் போகிற இரைச்சல் காதில் விழுந்த பிறகுதான் அவள் கத்தினாள்.

“நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க, அங்க உயிரோட இருக்கு!”

பொறிகளைத் திரும்ப அழைக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பாழோடையின் வாயில் பாதிக்குப் பச்சைக் கட்டிகள் கொட்டியாயிற்று.

வித்யாசாகர் முகரி அறையில் உட்கார்ந்து ஒன்பது வருஷப் புள்ளிகளையும் பார்த்தார். அவள் வாளி, மூடி, மழை, காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னாள். சூசைமாணிக்கம் கதவோரம் நின்று கேட்டார். மூடி போட்டதில் அவர் கையும் இருந்தது. ஆனால் அறிக்கையில் என்ன எழுதினாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “அப்படியாம்மா எழுதினீங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

வித்யாசாகர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “மூணு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மேடம்? அச்சு எல்லாத்தையும் இறக்கி விட்டிருப்போம். அசலும் அச்சும் கலந்து போயிருக்கும். யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்க பேரும் கெட்டிருக்காது, ஒரு மூஞ்சூறும் செத்திருக்காது.”

“விஷம் போட்டிருப்பீங்களே?”

“பாழோடையை மட்டும் விடுங்கன்னு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஏன்னு கேட்காம விட்டிருப்பேன்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையையும் நேரத்தோடு சொல்லவில்லை. பொய்யையாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை அவர் முன்னால் போய் நின்றும் இரண்டில் ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை.

மூன்றாம் நாள், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, உதிர்ந்து கிடந்த பாக்குப் பாளைக்கு அடியில் ஆண் மூஞ்சூறைக் கண்டெடுத்தார்கள். வாயோரம் இரத்தம் காய்ந்திருந்தது. பெண்ணை அதற்கு மறுநாள் உயிரோடு பிடித்தார்கள். ஓடை வாயில் விஷம் கிடந்ததால் அதை அங்கே திரும்ப விட வழியில்லை. துறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, மண் நிரப்பிய கண்ணாடித் தொட்டி, ஈரச் சருகு. கருஞ்சாம்பல் நிறம், நீளமான மூக்கு, கடுகு போல இரண்டு கண். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அசல் சங்குமுனை மூஞ்சூறு.

விசாரணைக் குழு வந்தது. இரண்டு நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியது. இனத்தின் மரபுச் சரடு முழுமையாகக் கைவசம் இருப்பதால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏதும் நிகழவில்லை, அலுவலர் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறார். செண்பகவல்லி அதை நாலு தடவை படித்தாள். வேலையை விட்டுத் தூக்கியிருக்கலாம், சிறையில் போட்டிருக்கலாம். அறுபத்தேழு உயிர் போயிருக்கிறது, இழப்பு இல்லையாம்! சான்று மட்டும் ரத்தானது. தொட்டியைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வராததால் அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சான்று ரத்தானதும் சட்டம் தன் வேலையைக் காட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு அச்சுகளும் துறையின் கிடங்கிலேயே நின்றுபோயின. மண்ணில் இறக்கக் கூடாது, இணை சேர்க்கக் கூடாது. ஒன்றோடொன்று கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. மூஞ்சூறின் ஆயுளே ஒன்றரை வருஷம். அதில் பாதியை அவை வரும்போதே கழித்துவிட்டன. காவல் வேலை நின்றதால் தினக்கூலிக்கு வந்த ஃபிலோமினா காலையில் பெட்டிகளைப் பார்வையிட்டு, விறைத்துக் கிடப்பவற்றை எடுத்து வெளியே வைப்பாள். இருநூற்று ஐந்து. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நூற்று எண்பது.

செண்பகவல்லி ஒரு விண்ணப்பம் எழுதினாள். அசல் பெண் இங்கே, சுவருக்கு அந்தப் பக்கம் அச்சு ஆண்கள் நூறு. ஒரே ஒரு ஆணை விட அனுமதி கொடுங்கள், இனம் பிழைக்கும் என்று கெஞ்சியே எழுதினாள். பிறக்கும் குட்டிகளை அசல் பட்டியலில் சேர்ப்பதா அச்சுப் பட்டியலில் சேர்ப்பதா என்பதற்கு விதியில் இடமில்லாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

ஆகமொத்தம் வழி ஒன்றுதான். தொட்டியில் இருப்பது சாக வேண்டும். அது செத்த மறுநிமிஷம் புதுச் சான்று எழுதலாம், கிடங்கின் கதவைத் திறக்கலாம். கொல்லவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது, அதற்கும் சட்டம் இருந்தது. தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டும்.

தீவு காத்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல ஜனங்கள் அவர்கள். கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனால், “எப்படியிருக்கு டாக்டரம்மா?” என்று விசாரிப்பார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது என்று அவள் சொன்னால், “அப்படியா, சந்தோஷம்” என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். முப்பத்தொரு பேருக்கும் வேலை நிறுத்திவைப்பு. வித்யாசாகர் கப்பலில் ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் மூஞ்சூறைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அருமையா இருக்கு, இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையே இல்லை” என்று உற்சாகமாகச் சொன்னார். அறையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசைமாணிக்கம் நேராகத் தொட்டி அறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகு ஒட்டியிருந்தது.

“கோயில்ல இதுக்காக ஒரு மெழுகுதிரி ஏத்தி வச்சேன்மா” என்றார்.

செண்பகவல்லிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அத்தனை நாளில் ஒருவராவது. “நல்லாயிருக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா அண்ணே?”

அவர் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. “நல்ல சாவா வரணும்னு வேண்டிக்கிட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்து ஒரு நாள்ல ஒம்பது எடுத்து வெளிய வச்சிருக்கா ஃபிலோ. அதுகளும் உயிருதானம்மா. அதுக என்ன பாவம் பண்ணுச்சு? மண்ணையே மிதிக்காம சாகுதுக” என்றார்.

“எனக்கும் தெரியும் அண்ணே.”

“உங்களைக் குத்தம் சொல்லலை. மூடி போட்டது நானுந்தான்.” கதவு வரைக்கும் போய் நின்றார். “வயசான மூஞ்சூறுதானே? ஒரு வாரம் பத்து நாள்ல…”

“தெரியலை.”

“சரிம்மா” என்று போய்விட்டார்.

அவள் வெளியே போய்ப் புற்றிலிருந்து ஒரு சிரட்டை நிறையக் கறையான் பெயர்த்துக்கொண்டு வந்தாள். வரும்போது கிடங்கைக் கடந்துதான் வரவேண்டும். தகரக் கதவுக்குப் பின்னால் நூற்று அறுபத்தொரு பெட்டிகளில் நகம் பிராண்டுகிற சத்தம் கேட்டது. நேற்று இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

தொட்டியின் மூடியைத் திறந்தாள். சருகு அசைந்தது, நீளமான மூக்கு வெளியே வந்தது. அதற்கு அவள் கைவாசனை பழகிப்போயிருந்தது. விரல் நுனியிலிருந்து ஒரு கறையானை வாங்கிக் கடித்துத் தின்றது. கொழுகொழுவென்று இருந்தது. ரோமம் மினுமினுத்தது. அவள் பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்த உடம்பு.

“செத்துப் போயிடேன்டி” என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டு, தன் குரல்தானா என்று திகைத்தாள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. “உன்னைக் கும்பிடுறேன். போயிடு. இன்னைக்கே போயிடு.”

மூஞ்சூறு மூக்கை நீட்டி அடுத்ததைத் தேடியது. அவள் சிரட்டைக்குள் விரலை விட்டு, இருப்பதிலேயே பெரிய கறையானாகப் பொறுக்கி எடுத்து அதன் வாயில் வைத்தாள்.